நடுவில் வாசிப்போர், சுற்றிவரக் கேட்போர்

"இதில ஆர் தம்பி அண்ணாவியார்?" என்று கேட்டார் ஐயா.

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தை. மாரி தொடங்குவதற்குச் சில நாள் முந்திய ஒரு பின்னேரம். மடிக்கணினித் திரையில் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பியானோ, ஒருவர் வயலின், ஒருவர் செலோ. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'தும்கி' என்ற மூவிசை. ஐயா எங்கள் அயலவர். இளவயதில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். மேல்நாட்டு இசை என்றால் அவருக்கு பாண்ட் வாத்தியந்தான். அவர் வந்து கதிரையில் இருந்ததும் மரியாதைக்காகக் காணொளியை நிறுத்தப் போனேன். "விடு, ஓடட்டும்" என்று கையைக் காட்டினார். பத்து நிமிடம் கழித்து அந்தக் கேள்வி.

கூத்தை நடத்தும் அண்ணாவியார்போல இதில் ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப ஆர் தாளம் பிடிக்கிறது?" அதற்கு நான் மறுமொழி தேடிக்கொண்டிருக்க, அவரே கண்டுபிடித்துவிட்டார். "அந்தப் பெடிச்சி மூச்சை இழுக்கேக்க மற்றவன் வில்லைத் தூக்குறான், பார்."

இந்த இசையைப் பற்றி நான் வாசித்த பல அறிமுக நூல்கள் இந்த இடத்துக்கு வந்துசேர ஐம்பது பக்கம் எடுக்கின்றன. அவை இசையமைப்பாளரின் பிறப்பிலிருந்து தொடங்கும்; பிறகு வடிவம், பிறகு சுரமாற்றம். ஒருவரை ஒருவர் பார்த்து, தலைவன் இல்லாமல், ஒரு குரலுக்கு ஒருவராக நின்று வாசிக்கும் இசை இது என்பது கடைசியில்தான் வரும். பழக்கமில்லாத சபைக்கு 19ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் கால அறையிசையை, அதிலும் பியானோவும் நரம்பு வாத்தியங்களும் சேர்ந்த பகுதியை, எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியை ஐயாவின் கதிரையில் இருந்து பார்த்தால் பல விடயங்கள் இடம் மாறித் தெரிகின்றன.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 'பியானோ குவின்டெட்' என்றால் ஐந்து பியானோ அல்ல. ஒரு பியானோவும் நான்கு நரம்பு வாத்தியங்களும். 'பியானோ டிரையோ' என்பது பெரும்பாலும் பியானோ, வயலின், செலோ. வியோலாவும் சேர்ந்தால் குவார்டெட். ஆங்கிலத்தில் 'சேம்பர்' என்பது அறை. அரண்மனை அறையிலும் பின்னாளில் வசதியுள்ள வீடுகளின் முன்கூடத்திலும் வாசிக்கப்பட்டதால் அந்தப் பெயர். 'அறையிசை' என்ற தமிழாக்கம் கொஞ்சம் இறுக்கமாக ஒலித்தாலும் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, இந்தக் கூட்டணியின் உள்ளே இருக்கும் சிக்கல். எனக்கு இதுதான் முழு விடயத்தின் திறப்பு. பியானோவும் வயலினும் இயல்பில் ஒத்துப்போகாதவை. பியானோவில் ஒரு கட்டையை அமத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியை அடிக்கிறது. அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். அதை வளர்க்க முடியாது, வளைக்க முடியாது. வயலினிலோ வில் போகும்வரை ஒலி நிற்கும், வளரும், தேயும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். சுருதியிலும் பிணக்கு உண்டு. பியானோவின் சுரங்கள் முன்கூட்டியே சம இடைவெளியில் கூட்டி வைக்கப்பட்டவை. வயலின்காரரின் விரல் எங்கே விழுகிறதோ அங்கேதான் சுரம்.

இது நமக்குத் தெரியாத பிணக்கு அல்ல. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத கச்சேரி அரிது. பியானோ ஏன் அப்படி வரவில்லை? கமகம் அதில் நிற்காது. அதே குறையோடு ஹார்மோனியம் நம் இசை நாடக மேடைவரைக்கும் வந்தது, கர்நாடகக் கச்சேரி மேடையில் மட்டும் இடம் பிடிக்கவில்லை. ஆகவே முள்ளியவளையில் ஒருவருக்கு இந்த இசையில் வயலின் பாதி சொந்தக்காரன், பியானோதான் அந்நியன். அடித்துத் தேயும் ஒலியும் இழுத்து நிற்கும் ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மட்டும் புதிதல்ல. நாதஸ்வரமும் தவிலும் அப்படித்தானே இருக்கின்றன. மேளச்சமாவில் விடிய விடிய மணலில் இருந்து கேட்டவர்களுக்கு இதைப் பாடமாக எடுக்கத் தேவையில்லை.

ஐரோப்பியரே இந்தக் கூட்டணியை இயல்பானதென்று எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கோவ்ஸ்கியின் புரவலரான நதேஷ்டா ஃபொன் மெக் அம்மையார் 1880இல் தனக்கொரு மூவிசை எழுதித் தரும்படி கேட்டார். அந்தக் கோடையில் அவருடைய வீட்டு மூவிசைக் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த 18 வயதுப் பெடியன் பின்னாளில் பெரும் பெயர் எடுத்த தெபூசி. சைக்கோவ்ஸ்கி மறுத்துவிட்டார், பியானோ, வயலின், செலோ மூன்றும் சேர்ந்து ஒலிப்பதைத் தன் காது தாங்காது என்று எழுதினார். அடுத்த ஆண்டு நண்பர் நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் இறந்துபோனார். அவர் பெரிய பியானோ வித்துவான். 1882இல் சைக்கோவ்ஸ்கி முடித்த நினைவாஞ்சலி அதே மூவிசை வடிவில்தான் வந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். முடிவில் ஒரு சாவூர்வல நடை தேய்ந்து தேய்ந்து நிற்கும்.

பிராம்ஸின் எஃப் மைனர் குவின்டெட்டின் கதை இன்னும் தெளிவானது. 1862இல் அதை நரம்பு வாத்தியங்கள் ஐந்துக்கு மட்டும் எழுதினார், நிறைவில்லை. அதை இரண்டு பியானோவுக்கு மாற்றினார், முதல் வடிவத்தை அழித்துவிட்டார். அதுவும் போதவில்லை என்று கிளாரா ஷூமான் சொன்னார். 1864இல் இரண்டையும் சேர்த்தபோதுதான் அது நின்றது. வில் தனியே போதாது, சுத்தியல் தனியே போதாது. புதிய கேட்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு முதல் ஐந்து நிமிடத்தைப் போட்டால், எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு விளங்கும். யார் ஒலியை நிறுத்திப் பிடிக்கிறார், யார் அதை உடைக்கிறார்?

மென்டல்சோனின் டி மைனர் மூவிசையும் (1839) இப்படித் திருத்தப்பட்டதுதான். பியானோப் பகுதி பழைய பாணியில் இருக்கிறதென்று நண்பர் ஹில்லர் வற்புறுத்த, மென்டல்சோன் அதைத் திரும்ப எழுதினார். அவருடைய தமக்கை ஃபன்னி ஹென்செல் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய மூவிசையும், கிளாரா ஷூமானின் 1846ஆம் ஆண்டு மூவிசையும் நெடுங்காலம் அரிதாகவே மேடை கண்டன. அறிமுக நிகழ்ச்சிகளில் இவற்றை 'பெண் இசையமைப்பாளர்' என்ற தனித் தட்டில் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. மென்டல்சோனின் மூவிசைக்குப் பக்கத்தில் ஃபன்னியுடையதை வைத்துக் கேட்டாலே போதும்.

பழக்கமில்லாத சபைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கே அது இருந்தது. இலண்டனில் ஜோன் எல்லா என்பவர் 1845இல் 'மியூசிக்கல் யூனியன்' என்ற சபையைத் தொடங்கினார். வாசிப்பவர்களை மேடையில் ஏற்றாமல் மண்டபத்தின் நடுவில் இருத்தினார்; கேட்பவர்கள் சுற்றிவர இருந்தார்கள். வாசிக்கப்போகும் உருப்படிகள் பற்றிய குறிப்பை அச்சிட்டு, நிகழ்ச்சிக்கு முன்பே அங்கத்தவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். வாசிக்கும்போது கதைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். அந்தச் சபை பணக்காரர் சபை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இருக்கை ஒழுங்கைப் பற்றி முதன்முறை வாசித்தபோது எனக்குக் கூத்தின் வட்டக்களரிதான் கண்ணில் வந்தது. நடுவில் ஆட்டக்காரர், பின்னால் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும், சுற்றிவரப் பாய் விரித்து ஊர். முல்லைமோடிக் கூத்து பார்த்து வளர்ந்த ஒருவருக்கு மேடையும் இருட்டும் வரிசைக் கதிரைகளும்தான் அந்நியம். நெருங்கி இருந்து கேட்பது அந்நியமல்ல.

துவோர்ஷாக் இன்னும் ஒரு படி போனார். 1892இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுமுன், வயலின்காரர் லாஹ்னரையும் செலோக்காரர் விகானையும் கூட்டிக்கொண்டு பொகீமியா, மொராவியா ஊர்களைச் சுற்றினார். நாற்பதளவு நிகழ்ச்சிகள், பெரும்பாலும் சின்னப் பட்டணங்கள். கொண்டுபோனது ஐயா கேட்ட அதே 'தும்கி'. 'தும்கா' என்பது உக்ரேனியக் கதைப்பாடல் மரபிலிருந்து வந்த சொல். 'தும்கி' அதன் பன்மை. ஆறு பகுதிகளிலும் ஒரே வித்தை: புலம்பலாகத் தொடங்கி, சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டமாக மாறி, திரும்பவும் புலம்பலுக்குள் விழும். கூத்தில் தருவும் விருத்தமும் மாறுவதுபோல என்று ஐயாவுக்குச் சொன்னேன். "அப்படிச் சொல்லாத, இது வேற" என்றார். அவர் சொன்னது சரி. கூத்தில் கதை மாறுவதால் மெட்டு மாறுகிறது. இங்கே கதையே இல்லாமல் மனம் மாறுகிறது. ஒப்புமை வாசலைக் காட்டும். உள்ளே போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் இடைஞ்சல்.

மூன்றாவது உதாரணம் போர்க்காலத்தது. 1939 ஒக்டோபரில் இலண்டனில் இருட்டடிப்பு, மண்டபங்கள் பூட்டு. ஓவியங்களெல்லாம் பத்திரமான இடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு வெறுஞ்சுவராக நின்ற தேசிய ஓவியக்கூடத்தில், பியானோ வித்துவான் மைரா ஹெஸ் மதியநேர இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். நுழைவு ஒரு ஷில்லிங். 1946 வரை 1,698 நிகழ்ச்சிகள், பெரும்பகுதி அறையிசை. குண்டு விழுந்த காலத்தில் நிலவறைக்கு மாறினார்கள். கந்தோர் ஆட்கள் பாணும் கையுமாக வந்து கேட்டார்கள். அவர்களில் பலருக்கு அதுவே முதல் தடவை. கலையால் போரை வென்றார்கள் என்ற மாதிரி இதைச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்; எங்கள் போரில் பங்கருக்குள் இருந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். எனக்கு இதில் முக்கியம் ஒழுங்கு: குறைந்த கட்டணம், குறைந்த நேரம், கிட்ட இருக்கை, நாள் தவறாமல்.

எதை முதலில் போடுவது? இங்கேதான் இரசிகர்கள் அடிபடுவார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்க் காதுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் வயலின் கூட்டத்தையும் பியானோவையும் கேட்காதவர்கள் அல்ல. தொண்ணூறுகளில், பற்றரிக்கும் தடை இருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் சுற்றி இளையராஜா பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். அவருடைய நரம்பு வாத்திய எழுத்து மேல்நாட்டு மரபில் நன்றாகத் தோய்ந்தது. ஆனால் அங்கே அது பாட்டுக்கு இடையில் வருவது. அதனால் நம் காது அந்த ஒலியைக் கேட்டதும் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டது. ஷூமானைப் போட்டபோது, "நல்லா இருக்கு, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பகிடி இல்லை, நேர்மையான கேள்வி.

அதனால் நான் ஷூபேர்ட்டின் 'டிரவுட்' குவின்டெட்டில் தொடங்குவேன், அதிலும் நான்காம் பகுதியில். 1819இல், ஷூபேர்ட்டுக்கு 22 வயது. ஸ்டையர் என்ற சிற்றூரில் சுரங்க அதிகாரியும் செலோப் பிரியருமான பௌம்கார்ட்னர், ஷூபேர்ட் முன்பு எழுதிய 'டிரவுட்' மீன் பாட்டின் மெட்டை வைத்து ஒன்று எழுதித் தரச் சொன்னார். வீட்டில் வாசிக்க ஒருவர் கேட்டு வாங்கியது என்பதே இதன் அழகு. பின்னாளில் வழமையான இரண்டாவது வயலினுக்குப் பதில் இதில் டபிள் பேஸ். அது அடியைத் தாங்குவதால் செலோவுக்குப் பாட நேரம் கிடைக்கிறது.

பாட்டு எங்கே தொடங்கும் என்று கேட்ட பிள்ளைக்கு மறுமொழி அந்த நான்காம் பகுதியில் இருக்கிறது. முதலில் பியானோ வாய் திறக்காது. நரம்பு வாத்தியங்கள் மட்டும் பாட்டைப் பாடி முடிக்கும். அடுத்த சுற்றில் பியானோ அதே மெட்டை எடுக்கும். பிறகு வியோலா. பிறகு மெட்டு ஆகக் கீழே டபிள் பேஸுக்கு இறங்க, பியானோ மேலே பறந்து திரியும். அடுத்தது மைனரில் ஒரு சீற்றம். பிறகு செலோ மெதுவாக. கடைசியில்தான் மூலப்பாட்டில் பியானோவுக்கு இருந்த அந்த நீர் துள்ளும் ஓட்டம் வரும். அதுவரை ஷூபேர்ட் அதை ஒளித்து வைத்திருக்கிறார். அண்ணாவியார் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடி, மத்தளம் அதையே சொல்லிக் காட்டுவதைக் கேட்டவர்கள் இந்த எட்டு நிமிடத்தில் வழி தவறமாட்டார்கள்.

இரண்டாவதாக, ஷூமானின் குவின்டெட் (1842). அந்த ஒரே ஆண்டில் அவர் மூன்று நரம்பு குவார்டெட்டும் இந்தக் குவின்டெட்டும் ஒரு பியானோ குவார்டெட்டும் எழுதினார். பியானோவையும் முழு நரம்பு குவார்டெட்டையும் சேர்க்கும் வழி இதோடுதான் நிலைபெற்றது. மனைவி கிளாராவுக்குக் காணிக்கை. ஒரு வீட்டு நிகழ்ச்சியில் அவருக்குச் சுகமில்லாமல் போக, மென்டல்சோன் முன்கூட்டிப் பார்க்காமலே பியானோவில் இருந்து வாசித்தார். இதன் இரண்டாம் பகுதி ஒரு சாவு நடை. கால் எடுத்து வைத்து, நின்று, யோசித்து, அடுத்த அடி. ஐயாவுக்கு இதைப் போட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கதிரைக் கையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், அடி விழவேண்டிய ஒரு இடத்தில் விரலை அந்தரத்தில் நிறுத்தினார். வாத்தியங்களும் அங்கே மௌனமாக இருந்தன. "செத்தவீடு" என்றார்.

பிறகுதான் கடினமானவை: பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி, தன் நாலு வயது மகளைப் பறிகொடுத்து ஸ்மேத்தனா 1855இல் எழுதிய மூவிசை. கடைசியாகச் சொன்னதை இங்கே போடுமுன் இரண்டு தரம் யோசிப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வரிசை வரிசையாக இருக்கும் ஊரில், துயரக் கதையைச் சொல்லி இசையை விற்பது சரியல்ல.

எங்கே தடுமாறுவார்கள் என்றும் சொல்ல வேண்டும். நம் இசையில் ஆதார சுருதி அசையாது. தம்புராவோ சுருதிப்பெட்டியோ கடைசிவரை அதே சட்சத்தில் நிற்கும். இவர்களுடைய இசையில் சட்சமே வீடு மாறும். ஷூபேர்ட் அடிக்கடி, எதிர்பாராத இடத்துக்கு மாற்றுவார். இராகம் கேட்டுப் பழகிய காது அப்போது 'சுருதி விலகிவிட்டது' என்று நினைக்கும். சட்சத்தை இன்னொரு சுரத்துக்கு மாற்றிப் பாடும் கிரகபேதம் தெரிந்த சங்கீத ஆசிரியை ஒருவரை வைத்து இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். இன்னொன்று, ஒரே நேரத்தில் நாலு ஓட்டம். முதல் தரம் செலோவை மட்டும் பின்தொடருங்கள் என்பேன். அடுத்த தரம் பியானோக்காரரின் இடக்கையை.

கைதட்டலும் ஒரு தடை. கொழும்பில் ஒரு மண்டபத்தில் முதற்பகுதி முடிந்ததும் நான் தட்டிவிட்டேன். முன்வரிசையில் திரும்பிய தலைகளை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, பிராம்ஸின் காலத்துச் சபைகள் பகுதிக்குப் பகுதி தட்டின. பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கவும் கேட்டன. இந்த மௌன ஒழுங்கு இறுகியது பின்னாளில். இங்கே எவரும் அதைக் கற்பிக்கத் தேவையில்லை. தட்டட்டும்.

இலங்கையில் இந்த இசைக்கு இடம் இல்லாமலில்லை. 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவும் கொழும்பு சேம்பர் மியூசிக் சொசைற்றியும் இருக்கின்றன. 2024இல் மறைந்த செலோ மேதை ரொஹான் டி சேரம் கண்டிய மேளமும் கற்றவர். அவருக்காக இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ எழுதிய தனிச் செலோ உருப்படியில் அந்த மேள அடிகள் செலோவின் உடம்பில் விழுகின்றன. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் கொழும்பும் ஆங்கிலமும். மேலைத்தேய சங்கீதம் பாடசாலைப் பாடமாக இருந்தும், ஷூபேர்ட் பற்றித் தமிழில் கையில் கொடுக்க ஒரு நல்ல பக்கம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதுவும் எங்கள் மாவட்டத்தில். வெனிசுவேலாவில் 1975இல் அப்ரெயு தொடங்கிய 'எல் சிஸ்தெமா' இயக்கத்தைப் பார்த்து உருவான 'த மியூசிக் புரொஜெக்ட்', போருக்குப் பிறகு குருநாகல், முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் வாத்தியங்களைக் கொடுத்து, இரு பக்கத்தாரையும் ஒரே இசைக்குழுவில் சேர்த்து வாசிக்க வைத்தது. நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டால் நானும் கொஞ்சம் பின்வாங்குகிறவன்தான். ஆனாலும் முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று செலோவை முழங்காலுக்கிடையில் வைத்து வில்லைப் பிடிக்கிறது என்பது சின்னச் செய்தியல்ல. கேட்பவர்களை உருவாக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது. அந்தப் பிள்ளையின் அம்மம்மா கட்டாயம் முன்வரிசையில் இருப்பா.

மிச்சம் இருப்பது பியானோ. முழுப் பியானோவின் கம்பிகள் இரும்புச் சட்டத்தில் ஏறக்குறைய 20 தொன் இழுவையில் நிற்கின்றன. எங்கள் மாரிக் காற்றின் ஈரத்தில் மரம் பொருமும், சுருதி இறங்கும், பிறகு கறையான். கூட்டித்தர ஆளை யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ கூப்பிட வேண்டும். போர் முடிந்த 2009க்குப் பிறகு கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பி வந்த ஊரில் பியானோ வாங்கக் காசு கேட்க எனக்கு வாய் வராது. மின்பியானோ போதும். ஷூபேர்ட்டின் காலத்து மரச்சட்டப் பியானோவே இன்றையதைவிட மெல்லியதுதான். ஒலி அடக்கமாக இருந்தால் வயலின்கள் மூழ்காது.

இடத்துக்குப் பஞ்சமில்லை. வைகாசியில் காட்டா விநாயகர் கோயில் பொங்கலுக்கும் மறுநாள் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் இரவிரவாக விழித்திருக்கும் சனம், நாற்பது நிமிடத்துக்கு இருக்கமாட்டாதா? ஒரு பாடசாலை மண்டபம், நடுவில் ஐந்து பேர், சுற்றிவரப் பாய்.

நடுவில் வைக்கப் போனால் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை வரும். மின்பியானோவின் ஒலி பெட்டியிலிருந்து வருவது. வழமைபோல அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மண்டபத்து மூலைத் தூணில் கட்டிவிட்டால், வயலின் நடுவிலும் பியானோ கூரையிலும் கேட்கும். ஐயா கண்டுபிடித்த அந்த மூச்சும் வில்லும் பொருந்தாது. பெட்டியை வாசிப்பவரின் காலடியில், நிலத்தில் வைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரத் தம்பியோடு இதைப் பற்றி இன்னும் கதைத்து முடியவில்லை. நிலத்தில் வைத்தால் பின்னுக்கு இருப்பவர்களுக்குக் கேட்காது என்கிறார் அவர்.